செபம், தொழில், உடம்பு, வாசிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி கத்தோலிக்கப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்காய் சீசன் சூடுபிடிப்பதும் மாதா வணக்க மாதம் தொடங்குவதும் நம் ஊரில் ஒரே சமயத்தில்தான். மே மாதம் மாலைச் செபமாலைக்கு மணி அடிக்கும் நேரத்தில்தான் சந்தூரிலிருந்தோ போச்சம்பள்ளியிலிருந்தோ லோடு வந்து வாசலில் நிற்கும். அதற்கு முன்னால் மாசி, பங்குனியில் புளி. புளி வேலை உச்சத்தில் இருக்கும்போது தவக்காலம். சிலுவைப்பாதைக்குப் போனால் வியாபாரி திரும்பிப் போய்விடுவார், போகாவிட்டால் மனம் உறுத்தும். இதற்கு நடுவில் தைராய்டு மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கும். புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கிய புத்தகம் அலமாரியில் அப்படியே கிடக்கும்.

தினமும் இதற்கு ஒரு மணி நேரம், அதற்கு அரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. மாதச் சம்பள வேலைக்கு அது சரி. பருவத்தை நம்பி நடக்கும் நம் தொழிலுக்குச் சரிவராது. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டும் பருவம் பருவமாகத்தான் ஓடுகிறது. ஆகவே நாளைப் பிரிக்காதீர்கள், ஆண்டைப் பிரியுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலத்தகிரியிலோ கந்திகுப்பத்திலோ வீட்டோடு ஒரு மாவு மில் நடத்துபவர், பர்கூரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஓசூரில் கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்புபவர், கோவிலூரில் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டைக் கையில் வைத்திருப்பவர், எல்லோரும் தொழில் தலைவர்கள்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது. பெண்கள் பணத்தை எண்ணி, கடன் கொடுத்து, திரும்ப வாங்கிப் பழகிய மண் இது. தலைமை நமக்குப் புதிதல்ல.

முதல் படி: இரண்டு நாள்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள்

பங்கில் கொடுக்கும் நாள்காட்டியை எடுங்கள். சாம்பல் புதன், புனித வாரம், உங்கள் பங்குத் திருவிழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி நவநாள், அக்டோபர் செபமாலை மாதம், திருவருகைக்காலம் ஆகியவற்றை ஒரு பேனாவால் வட்டமிடுங்கள். வேறு நிறப் பேனாவால் உங்கள் தொழில் நெரிசலைக் குறியுங்கள்: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை புளி, மே முதல் ஜூலை வரை மாங்காய், நவம்பர், டிசம்பரில் ராகி அறுவடையும் கிறிஸ்துமஸ் ஆர்டரும். துணிக்கடை என்றால் ஆடி, தீபாவளி. கேட்டரிங் என்றால் முகூர்த்த மாதங்கள்.

இரண்டு நிறமும் மோதாத இடம் ஒன்றாவது கண்ணில் படும். மாங்காய், புளி செய்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஆகஸ்ட். அந்த மாதத்தின் முதல் பாதியை, ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு விழாவுக்கு முன்னால் வரும் நாட்களை, மருத்துவப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். தியானத்துக்குப் போவதும் அதே மாதத்தில். பெரிய புத்தகம் படிப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். நெரிசல் மாதங்களில் செபம் சிறியதாக இருக்கட்டும், ஆனால் விட்டுப்போக வேண்டாம். அவ்வளவுதான் திட்டம். மீதியெல்லாம் இதன் விவரம்.

இரண்டாம் படி: உடம்பை முன்னால் கொண்டுவாருங்கள்

பக்திக் கட்டுரை என்றால் செபத்தில்தான் தொடங்குவார்கள். நான் உடம்பில் தொடங்கக் காரணம் உண்டு. நான்கில் நாம் தள்ளிப்போடுவது இதைத்தான், அதற்கு மற்ற மூன்றையும் சாக்காகச் சொல்கிறோம்.

குழந்தை தெரசாவின் தாய் புனித ஸெலி மார்ட்டினை நினைத்துப் பாருங்கள். பிரான்ஸில் அலான்சோன் நகரில் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். பெண்கள் அவரவர் வீட்டில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பின்னிக் கொண்டுவருவார்கள். ஒட்டு தெரியாமல் அவற்றை இணைக்கும் நுணுக்கமான வேலையை ஸெலி தாமே செய்வார். தொழில் பெருகியதால் 1870ல் கணவர் லூயி தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு உதவியாக வந்தார். ஒன்பது பிள்ளைகள், நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேல் இன்றும் கிடைக்கின்றன. மார்பில் இருந்த கட்டி பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே போயிற்று. 1876 இறுதியில் மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. 1877 ஆகஸ்ட் 28ஆம் தேதி, 45 வயதில் இறந்தார். தெரசாவுக்கு அப்போது 4 வயது. 2015 அக்டோபர் 18ஆம் தேதி லூயியும் ஸெலியும் சேர்ந்து புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

அவர் காலத்தில் மருத்துவத்துக்கு வழி குறைவு. நமக்கு அப்படி இல்லை. வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆகஸ்டில் போகும்போது கேட்க வேண்டியவை இவை.

ரத்தத்தில் ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. மதியம் சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. தைராய்டு, சர்க்கரை, பிரஷர் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

30 வயது தாண்டியவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். வலி பெரிதாக இருக்காது, சில நிமிடத்தில் முடியும். கூச்சம்தான் தடை என்றால் பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸே காரணம். 9 முதல் 14 வயதுக்குள் மகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மார்பைக் கையால் தொட்டுப் பார்ப்பதை மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் மாதம் ஒருமுறை செய்யலாம். மாதவிலக்கு நின்றவர்கள் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். தலைவெள்ளி, அதாவது மாதத்தின் முதல் வெள்ளி, நினைவில் நிற்கும் நாள். கட்டி, காம்பிலிருந்து நீர் அல்லது ரத்தம், தோல் சுருங்குதல், இவற்றில் எது தெரிந்தாலும் ஆகஸ்ட் வரை காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு முழுசாக நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான், உடனே போக வேண்டும்.

கருப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தால், அவசர நிலை இல்லாதபோது இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். நோய்க்குச் சிகிச்சையாகக் கருப்பையை அகற்றுவதைத் திருச்சபை தடுக்கவில்லை; அந்தக் குழப்பத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்பற்றுகிறவர்கள் (1968ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வலியுறுத்திய வழி) தினமும் குறிக்கும் அட்டவணையை மருத்துவரிடம் காட்டுங்கள். சுழற்சி எப்போது மாறத் தொடங்கியது, எத்தனை நாள் போகிறது என்று வாயால் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். தைராய்டோ பி.சி.ஓ.எஸ்ஸோ (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் இந்த முறையை நீங்களாகப் படித்துச் செய்யாமல் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒன்று: ஃபுளோரைடு. போர்வெல் தண்ணீரில் இது அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013ல் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, முதுகு, மூட்டு இறுக்கம் என்றால் வயதாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகிறோம். ஃபுளோரைடு தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும், உணவுத் தொழில் செய்தால் அதற்கும், ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர்வெல் தண்ணீரை ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் குடிக்கக் கூடாது.

மூன்றாம் படி: நோன்பைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நம் பெண்களின் உடம்பு இங்கேதான் வீணாகக் கெடுகிறது.

நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. திருச்சட்டமே அப்படித்தான் சொல்கிறது. காலை ஆறு மணித் திருப்பலிக்கு முன் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுத் தாராளமாகப் போகலாம். வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை என்பதால் நேரமும் பொருந்தும். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டாயம்கூட இல்லை.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரை அந்தக் கடமை. ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், நோயாளிகள் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பெரிய வெள்ளி வெயிலில் மூன்று மணி வழிபாட்டில் விழுபவர்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம். தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருப்பது அவரவர் விருப்பம், கடமை அல்ல. விரும்பினால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இருங்கள்.

இதற்கு விவிலியத்திலேயே துணை உண்டு. சீராக் நூல் 38ஆம் அதிகாரத்தின் முதல் பதினைந்து வசனங்களைப் படியுங்கள். மருத்துவரையும் மருந்தையும் உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும், நோயில் செபி, மருத்துவருக்கும் இடம் கொடு என்றும் சொல்லும் பகுதி. செபத்தையும் சிகிச்சையையும் எதிரெதிராக வைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: நெரிசல் மாதத்துச் செபம்

சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அன்றைய நற்செய்தி. நண்பகலில் மூவேளை செபம். மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னால் வேலை செய்கிறவர்களுக்கும் இரண்டு நிமிட ஓய்வு கிடைக்கும். இரவில் செபமாலையில் ஒரு பத்து மணி. ஞாயிறு லோடு வரும் என்று தெரிந்தால், உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ சனி மாலைத் திருப்பலி இருந்தால் அதற்குப் போங்கள்; ஞாயிறு கடமை அதிலேயே நிறைவேறும்.

பங்குப் பணியில் ஒரு நேரத்தில் ஒரு பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். தொழில் நடத்தும் பெண் என்றால் கணக்குத் தெரியும், நாலு பேரை அறிவாள் என்று அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு), மரியாயின் சேனை, பங்குப் பேரவை, திருவிழாக் குழு எல்லாவற்றிலும் பெயரைச் சேர்ப்பார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். "சாமி, இந்த வருஷம் அன்பியம் மட்டும் பாக்குறேன், அடுத்த வருஷம் பேரவைக்கு வர்றேன்" என்று பங்குத்தந்தையிடம் ஜனவரியிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

ஐந்தாம் படி: உங்களிடம் வேலை செய்யும் பெண்கள்

மகளிர் தினத் திருப்பலிகளில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம், திறமையுள்ள மனைவியைப் புகழும் பகுதி, கட்டாயம் வரும். நிலத்தைப் பார்த்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், வணிகருக்குத் துணி விற்கிறாள், இருட்டோடு எழுந்திருக்கிறாள். மறையுரையில் அந்த அதிகாலை எழுதலைத்தான் எடுத்துச் சொல்வார்கள். அதே 15ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கவனித்து வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறாள் என்பதை அழுத்திச் சொல்பவர்கள் குறைவு. எல்லாவற்றையும் தனியாகச் செய்தவள் அல்ல அவள்.

புளி தட்டும் இடத்தைப் பாருங்கள். குத்துக்காலிட்டோ காலை நீட்டியோ காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை இழுத்து, கொட்டையைத் தட்டி எடுக்கிறார்கள். விரல் நுனி புளிப்பில் வெளுத்துப் பிளந்திருக்கும். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே நிறைய இருக்கும், யாரும் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "தண்ணி குடிச்சா அப்புறம் எங்கக்கா போறது?" என்பார்கள். சிறுநீர்க் கடுப்பும் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. புது மெஷின் வாங்கும் முன் தாழ்ப்பாள் போடும் கழிப்பறை ஒன்று, தண்ணீரோடு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டியோடு கட்டுங்கள். உட்கார ஒரு சின்ன முக்காலியும் முதுகுக்குச் சாய்மானமும் கொடுங்கள். மூட்டு வலி விடுப்பு குறையும், வேலையும் கூடும். ஆனால் லாபத்துக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

கூலியை வேலை செய்த அன்றே கொடுத்துவிட வேண்டும் என்பது லேவியர் 19:13. வாரக் கூலி என்று பேசியிருந்தால் அந்த நாள் தவறக் கூடாது. வாழ்வதற்குப் போதுமான நியாயமான ஊதியம் தொழிலாளியின் உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதியது 1891ல். ஆணுக்கு ஒரு கூலி, அதே வேலைக்குப் பெண்ணுக்கு ஒரு கூலி என்பது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. முதலாளி பெண்ணாக இருக்கும் இடத்திலாவது அது போக வேண்டும்.

சட்டத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 10. பத்துப் பேர் வேலைக்கு வந்துவிட்டால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பற்றி விசாரியுங்கள், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள், பிரசவ காலப் பணமும் சிகிச்சையும் கிடைக்கும். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழுவும் பத்துப் பேர் ஆனதும் கட்டாயம். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. அதன் விவரத்தைச் சுவரில் ஒட்டுங்கள்.

கடன் தேவை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கிறிஸ்தவர் என்ற முறையில் டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கடனும் உண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம்; அதற்குப் பணம் கேட்பவரிடம் போக வேண்டாம்.

ஆறாம் படி: வாசிப்பு

நாற்பதைத் தாண்டிய பெண்கள் படிப்பதை விடக் காரணம் பெரும்பாலும் நேரமின்மை அல்ல, வெள்ளெழுத்து. எழுத்து மங்கும், தலை வலிக்கும், அலுப்பு என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஊசியில் நூல் கோர்க்கக் கையை நீட்டிப் பிடிக்கிறீர்கள் என்றால், செல்போனைத் தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், கண்ணாடி தேவை. ஆகஸ்ட் பரிசோதனையில் கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒன்று, கடைக் கல்லாவில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வாங்குங்கள்.

அவிலா நகர்ப் புனித தெரசா பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரத் துணிந்ததில்லை என்று தாமே எழுதியிருக்கிறார். வீடு வாங்கி, கடனுக்குப் பேசி, ஊர் ஊராகக் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் போய்ப் பதினேழு மடங்களை நிறுவியவரும் அவரேதான். மனம் கணக்கு வழக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்போது எழுத்து அதைப் பிடித்து நிறுத்தும். 1970ல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்றுத்தரும் பேராசிரியராக, அறிவித்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்.

நெரிசல் மாதங்களில் ஒரு பக்கம் போதும். "நம் வாழ்வு" வார இதழ் பங்கில் கிடைத்தால் கல்லாவில் வையுங்கள். ஆகஸ்டில் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். தகடூர் புத்தகப் பேரவை தருமபுரியில் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய், பக்தி நூல் மட்டும் வாங்காமல் ஒரு நாவல், உடல்நலம் பற்றி மருத்துவர் எழுதிய ஒரு நூல் என்று சேர்த்து வாங்குங்கள்.

தனியாகப் படிப்பது நிற்கும், கூட்டாகப் படித்தால் ஓடும். அன்பியத்துப் பெண்கள் ஐந்தாறு பேர், மாதம் ஒரு மாலை, ஒருவர் வீட்டுத் திண்ணை போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் வரட்டும், ஒருவர் சத்தமாக வாசித்தால் போகிறது. முதல் கூட்டத்துக்கு மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 25 முதல் 34 வரையான வசனங்களை வையுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ரத்தப்போக்கு, மருத்துவர் பலரிடம் போயும் கைப்பொருளெல்லாம் கரைந்த ஒரு பெண். கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறார், பிறகு எல்லார் முன்னிலும் நடந்ததையெல்லாம் சொல்கிறார். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல அவசரப்படாமல் கொஞ்சம் பேசாமல் இருங்கள். யாராவது ஒருவர் தன் உடம்பைப் பற்றி, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்குவார். கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும், அரசு மருத்துவமனையில் மகளிர் மருத்துவர் பார்க்கும் நாளையும் முன்கூட்டியே விசாரித்துக் கையில் வைத்திருங்கள். அவரோடு துணைக்குப் போக யாருக்கு எந்த நாள் முடியும் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டுக் கலையுங்கள்.